மஞ்சை எண்ணின பெட்டி

வா கண்ணு, உக்காரு. அந்த லேப்டாப்பை முதல்ல மூடு. மூடினா உள்ள இருக்கறதெல்லாம் ஆவியாப் போயிராது. பாட்டி டீத்தண்ணி வெக்கறா. பால் ஊத்தாத டீ. மூஞ்சியச் சுளிக்காத. பால் இல்லாததுக்குக் காரணம் இருக்குது, பொறகு சொல்றேன்.

மஞ்சூர்ல ரூம் வாடகைக்கு விடறவனுக்கு ஒரு தொல்லை இருக்குது. இது கரண்டு எடுக்கற மலை. குந்தா, கெத்தை, பரளி, அவலாஞ்சின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு அணை, ஒரு பைப்பு, ஒரு பவர் ஹவுஸ். வருசத்துக்கு நாலு கம்பெனிக்காரப் பசங்க மூட்டை கட்டிட்டு வந்து எறங்குவானுக. ஆளுக்கொரு பெட்டி கையில இருக்கும். ஒருத்தன் பெட்டி அதிர்வை அளக்கும், இன்னொருத்தன் பெட்டி சூட்டை அளக்கும். உன்ற பெட்டி எண்ணெயில இருக்கற அழுக்கை எண்ணுமாமா. போன மார்கழில வந்தவனும் இதையேதான் கொண்டாந்தான். அவன் கதையக் கேளு. கேட்டுட்டு அப்புறம் உன்ற சோலியப் பாரு.

நான் காரமடைக்காரன். 1973ல ஹெல்பரா மலையேறினேன். 2009ல போர்மேனா ரிட்டயர் ஆகி ஊருக்கு எறங்கியிருக்கோணும். எறங்கல. முப்பத்தாறு வருசம் கவர்னர் எண்ணெயில கைய நனைச்சவன். சட்டைய எத்தனை தடவை தொவைச்சாலும் அந்த வாசம் போகலீன்னு என்ற ஊட்டுக்காரி இன்னமும் நாயம் பேசறா.

எண்ணெய்க்கு இங்க என்ன வேலைன்னு உனக்குப் படிப்புல சொல்லிக் குடுத்திருப்பாங்க. இருந்தாலும் சொல்றேன், எனக்கு ஆசையா இருக்குது. பைக்காரால 1932ல கரண்டு எடுத்தாங்க. அந்தக் கரண்டுலதான் கோயமுத்தூர் மில்லுக சுத்துச்சு. என்றப்பன் மில்காரர், 'பைக்காரா'ன்னு சொல்றப்ப சாமி பேரு மாதிரி சொல்லுவார். அங்க தண்ணி மூவாயிரம் அடிக்கு மேல கீழ விழுகுது. அப்பிடி வர்ற தண்ணி ஒரு மூக்கு வழியா பீச்சியடிச்சு, கிண்ணி கிண்ணியா கட்டியிருக்கற சக்கரத்தை சுத்துது. அந்தத் தண்ணிய மனுசன் கைய வெச்சு அடக்க முடியுமா? மூக்குக்குள்ள ஒரு ஊசி இருக்குது. ஊசி முன்னப் போனா தண்ணி குறையும், பின்ன வந்தா கூடும். ஊசிய நகத்தறது எண்ணெய். ஊர்ல லோடு பொசுக்குன்னு எறங்கினா, எண்ணெய் போய் சட்டுன்னு தண்ணியத் திருப்பி விடோணும். இந்த ஏற்பாட்டுக்குப் பேருதான் கவர்னர். அந்த எண்ணெய் போற வழியில ஒரு சின்ன வால்வு. வால்வுக்கும் அதோட கூட்டுக்கும் நடுவுல இருக்கற சந்து, உன்ற தலைமுடிய நீளவாக்குல பத்து இருபதாக் கிழிச்சா ஒரு கீத்து எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். அதுல ஒரு துரும்பு சிக்கினா? ஆனைக்கு மதம் புடிச்ச கதை.

அதனால அழுக்கை எண்ணாதேன்னு நான் சொல்ல மாட்டேன். எண்ணோணும். கண்ணால நாப்பது மைக்ரானுக்குக் கீழ ஒண்ணுந் தெரியாது. வால்வைக் கெடுக்கறது அஞ்சும் பத்தும். நாங்க மல் துணியில வடிகட்டி, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, 'ஆகா, தேன் மாதிரி இருக்குது'ன்னு மீசைய முறுக்கினோம். தேன் மாதிரி இருந்த எண்ணெய்லயே வால்வு சிக்கியிருக்குது. அதுல ஒண்ணு என்ற கைவேலை. அதையும் சொல்லத்தான் போறேன், பொறு.

அந்தப் பையன் கதைக்கு வருவோம். மேல ஒரு வால்வ் ஹவுஸ். எந்த வால்வ் ஹவுஸ்னு கேக்காத, ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லக் கூடாது. மலை உச்சியில பெரிய பைப்போட வாயில ஒரு கதவு வால்வு, அதைத் தூக்கி எறக்க ஒரு ஹைட்ராலிக் பவர் பேக். எண்ணெய்த் தொட்டி, பம்பு, மோட்டாரு, நாலு வால்வு, அவ்வளவுதான். அதுல இந்தப் பெட்டிய மாட்டி, சென்னையில ஆபீஸ்ல ஒருத்தர் ஏசில உக்காந்துட்டே எண்ணெய் சுத்தமான்னு பாக்கறதுக்கு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அவருக்கு குளுராது பாரு.

பெட்டி மூணு நம்பர் சொல்லும். உனக்குத் தெரியும், ஆனா என்ற வாயால கேளு. ஒரு மில்லி எண்ணெயில நாலு மைக்ரானும் அதுக்கு மேலயும் எத்தனை, ஆறுக்கு மேல எத்தனை, பதினாலுக்கு மேல எத்தனைன்னு எண்ணி, அதை ஒரு கோடு நம்பராக் குடுக்கும். 18/16/13ன்னா நாலுக்கு மேல 1,300லிருந்து 2,500 வரைக்கும், ஆறுக்கு மேல 320லிருந்து 640, பதினாலுக்கு மேல 40லிருந்து 80. இதுல ஒரு சூது இருக்குது. நம்பர் ஒண்ணு ஏறினா அழுக்கு ரண்டு மடங்கு. கந்துவட்டிக்காரன் கணக்கு. 18 போய் 22 ஆனா, 'நாலுதானே ஏறியிருக்குது'ன்னு நெனைப்பே. பதினாறு மடங்கு கண்ணு, பதினாறு மடங்கு.

பையனுக்குக் குடுத்த காகிதத்துல 18/16/13க்குள்ள இருக்கோணும்னு எழுதியிருக்குது. பெட்டியோ காலையில ஆறு மணிக்கு 22/21/20னு கத்துது. பத்து மணிக்கு மேல தானா எறங்குது. மத்தியானம் 17/15/12. பொழுது சாஞ்சா மறுபடியும் ஏறுது. மறுநாளும் அதே. இவன் என்ன பண்ணினான்? பெட்டி கெட்டுப் போச்சுன்னு முடிவு கட்டிட்டான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவன் கூடத்தையே பிரிச்சுட்டான். வயரை மாத்தினான். பவர் சப்ளைய மாத்தினான். பெட்டிக்குள்ள இருக்கற புரோகிராமைத் தொடச்சுப் புதுசா ஏத்தினான். சிக்னல் வரலீன்னு ஆன்டெனாவ மாத்தினான். சிக்னலுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? மாமியா ஊட்டுல உப்புக் கம்மின்னு மாட்டுக்கொட்டாயி ஓட்டை மாத்தின மாதிரி.

அப்புறம் ஒரு சாம்பிள் எடுத்துக் கோயமுத்தூருக்கு லேப்புக்குத் தாட்டி விட்டான். மத்தியானம் மூணு மணிக்கு எடுத்தது. லேப்புலிருந்து வந்த நம்பர் 23ல ஆரம்பிச்சுது. அதே மூணு மணிக்கு பெட்டி 17ன்னு சொல்லியிருக்குது. 'பாத்தீங்களா தாத்தா, பெட்டி பொய் சொல்லுது, நான் அப்பவே சொன்னேன்'ன்னு குதிக்கறான். சரி கண்ணு, எதுல புடிச்சேன்னு கேட்டேன். பஸ் ஸ்டாண்டுல வாங்கின தண்ணி பாட்டில்ல. தண்ணியக் குடிச்சுட்டு, ஒதறிட்டு, அதுலயே புடிச்சிருக்கறான். எங்க புடிச்சே? தொட்டிக்கு அடிப்பக்கத்துல, வடிகாலுக்குக் கொஞ்சம் மேல இருக்கற குழாயில. தொறந்ததும் வந்ததை அப்பிடியே புடிச்சானாம். சட்டியில இருந்தா அகப்பையில வரும்னு சொன்னவன், அகப்பையக் கழுவிட்டு மொண்டானான்னு சொல்லாம விட்டுட்டான் பாரு, அதுல வந்த கேடு இது. தொட்டி அடியில வருசக்கணக்கா தங்கின சேறு, பாட்டில்ல இருந்த ஈரம், மூடியில இருந்த தூசி, இவன் சுவெட்டர்ல இருந்த நூலு. அத்தனையும் சேத்து லேப்காரன் நேர்மையா எண்ணிக் குடுத்திருக்கறான். அவன் மேல என்ன தப்பு?

ரண்டாவது பெட்டி வந்துச்சு. வெலைய நீ கேக்காத, நானும் கேக்கல, கேட்டா பென்சன் வாங்கறவனுக்கு நெஞ்சு வலிக்கும். அதையும் மாட்டினான். ரண்டு பெட்டியும் ஒட்டுக்கா ஏறுது, ஒட்டுக்கா எறங்குது. அண்ணன் தம்பி மாதிரி. இப்ப என்ன பண்ணுவான்? ரண்டும் பொய் சொல்லுதுன்னு சொல்றதுக்கு வாய் வரல. சென்னையிலிருந்து வீடியோல பன்னெண்டு பேர் மீட்டிங் போட்டாங்க. என்ற ரூம்லதான் உக்காந்து பேசினான், அதனால காதுல விழுந்துச்சு. 'ரூட் காஸ்' கண்டுபுடிக்கோணுமாமா. மீன் முள்ளு மாதிரி ஒரு படம் போட்டாங்க. முள்ளுக்கொரு காரணம் எழுதினாங்க: ஆளு, மெசினு, பொருளு, முறைன்னு. நானும் எட்டிப் பாத்தேன். முள்ளு முள்ளா இருக்குது, மீனைக் காணம். அப்புறம் அஞ்சு தடவை 'ஏன்' கேக்கோணும்னு ஒருத்தர் சொன்னார். என்ற பேத்திக்கு நாலு வயசு, காலையில பல்லு வெளக்கறதுக்குள்ள அம்பது 'ஏன்' கேக்கறா. அவளுக்கு ஆருஞ் சம்பளம் குடுக்கல. இத்தனை பேர்ல ஒருத்தராச்சும் எண்ணெயப் பாத்தாங்களான்னு நெனைக்கறே? படத்தைப் பாத்தாங்க, நம்பரைப் பாத்தாங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க.

ராத்திரி பையன் சோறு திங்காம ஆசாரத்துல குக்கிட்டு இருந்தான். பாவமா இருந்துச்சு. 'பெட்டி எப்பிடிடா எண்ணுது?'ன்னு கேட்டேன். சொன்னான். கண்ணாடிக்கு நடுவுல எண்ணெய் மெல்லிசா ஓடுது, ஒரு பக்கம் வெளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தை வாங்கற கண்ணு. துணுக்கு குறுக்க வந்தா நெழல் விழுகுது. நெழல் எவ்வளவு பெரிசோ துணுக்கு அவ்வளவு பெரிசு. அப்ப பெட்டி எண்ணறது நெழலைத்தானே? நெழலுக்கு மண்ணுன்னு தெரியுமா, இரும்புன்னு தெரியுமா? காத்துக் குமிழிக்கும் நெழல் உண்டு. தண்ணித் துளிக்கும் நெழல் உண்டு. பெட்டிக்கு எல்லாம் ஒண்ணுதான். சினிமாக் கொட்டாய்ல டிக்கெட் கிழிக்கறவன் தலைய எண்ணுவான், வந்தவன் கொள்ளைக்காரனா கோயில் பூசாரியான்னு பாப்பானா?

'நீ எழுதி வெச்ச காலை நம்பரை இன்னொருக்கா சொல்லு'ன்னேன். 22/21/20. இதுலயே கதை பாதி வெளிய வந்துருச்சு கண்ணு, உனக்குத் தெரியுதா? அழுக்குக்கும் ஒரு நியாயம் இருக்குது. பொடி நெறய இருக்கும், பெரிசு கொஞ்சமா இருக்கும். தேயிலை பேக்டரில சலிக்கறதை நீ பாத்ததில்லையா? மண்ணும் அப்பிடித்தான், தேஞ்ச இரும்பும் அப்பிடித்தான். நாலு மைக்ரானுக்கும் பதினாலு மைக்ரானுக்கும் நடுவுல நாலஞ்சு நம்பராச்சும் எறங்கோணும். மத்தியானம் பாரு, 17/15/12, ஒழுங்கா எறங்குது. காலையில மூணும் தோள்ல கை போட்டுட்டு நிக்குது. பொடிக்குச் சமமா பெரிசும் இருக்குதுன்னா அது அழுக்கு இல்ல. அது காத்து, இல்லீன்னா தண்ணி.

ரண்டுல எது? அதுக்கு எனக்கு ரண்டு சீசா போதும்னேன். என்ற ஊட்டுக்காரி தேன் வாங்கற கண்ணாடி சீசா ரண்டு அட்டாளியில இருந்துச்சு. அவ குடுக்க மாட்டேன்னா. மன்றாடி வாங்கி, சுடுதண்ணியில கழுவி, அடுப்புமேட்டுல கவுத்துப் போட்டுச் சொட்டு ஈரம் இல்லாமக் காய வெச்சேன். அந்தக் கழுவுற வேலையப் பையன் வேடிக்கை பாத்தான், செல்போன்ல படம் புடிச்சான்.

விடியக்காத்தால அஞ்சரைக்கு மேல போனோம். உறைபனி. புல்லெல்லாம் உப்புப் போட்ட மாதிரி வெள்ளை. அந்த உச்சியில மார்கழியும் தையும் இப்பிடித்தான், எறக்கத்துல இருக்கற தேயிலையெல்லாம் வெய்யில் பட்டதும் கருகிப் போகும். வால்வ் ஹவுஸ் ஜன்னல்ல ஒரு கண்ணாடி ஒடஞ்சு அட்டை வெச்சு அடைச்சிருக்குது. பெட்டி எங்க இருக்குதுன்னு பாத்தேன். தொட்டிக்குப் பக்கத்துலயே இல்ல. ஆறடி நீளத்துக்கு ஒரு ஒல்லி ஓஸ் இழுத்துக் கொண்டுபோய் செவுத்துல மாட்டியிருக்கறான். ஏண்டான்னா, அங்கதான் சிக்னல் வருதாம், போட்டோவுல நல்லாத் தெரியுதாம். அந்த ஓஸைச் சொருகினதும் திரும்பி வர்ற எண்ணெய்ல, அழுத்தமே இல்லாத எடத்துல, ஒரு முட்டுச்சந்துல. 46 நம்பர் எண்ணெய்னா 40 டிகிரி சூட்டுல அதோட கெட்டித்தனம் 46னு அர்த்தம், அஞ்சு டிகிரி குளுருல அது ஏழெட்டு மடங்கு கெட்டியாகும். வெல்லப்பாகு மாதிரி. அந்த ஒல்லி ஓஸ்ல அது எப்பிடி ஓடும்? ஓடாம நிக்கற எண்ணெயத்தான் பெட்டி விடிய விடிய எண்ணிட்டு இருந்திருக்குது. பம்பு பக்கத்துல அழுத்தம் இருக்கற எடத்துல சொருகியிருந்தா காத்து கரைஞ்சே கெடக்கும், குமிழியா வெளிய வராது. இதையும் அவனோட புத்தகத்துல எழுதித்தான் இருந்துச்சு. பதினெட்டாம் பக்கம். அவன் பதினஞ்சோட நிறுத்திட்டான்.

பம்பை ஓட விட்டு, சாம்பிள் குழாயத் தொறந்து, முதல்ல வர்றதை ரண்டு மூணு லிட்டர் பழைய டப்பாவுல விட்டு, ஓடற குழாயிலயே சீசாவ நீட்டிப் புடிச்சேன். குழாயத் தொறக்கறப்பவும் மூடறப்பவும் அழுக்கு உதிரும், அதனால ஓடறப்ப நடுவுல புடிக்கோணும். ஒரு சீசா நெறைஞ்சதும் ஜன்னல் திட்டுல வெச்சோம். எண்ணெய் கலங்கி, அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி. 'பாத்துட்டே இரு, எந்தப் பக்கத்துலிருந்து தெளியுதுன்னு சொல்லு'ன்னேன். காத்துன்னா குமிழி மேல ஏறும், அதனால அடியிலிருந்து தெளிஞ்சு வரும். தண்ணின்னா அடியில தெளியாது. அரை மணி நேரம் குக்கிட்டுப் பாத்தான். தெளியல. மேல மட்டும் நூலளவு தெளிஞ்ச மாதிரி ஒரு சாயல். அவ்வளவுதான்.

ரண்டாவது சீசாவையும் புடிச்சு, மஃப்ளர்ல சுத்தி, ஊட்டுக்குக் கொண்டாந்தோம். அடுப்புக்குப் பக்கத்துல வெச்சேன். வெதுவெதுன்னு ஆக ஆக எண்ணெய் தெளிஞ்சுருச்சு. தேன். பையன் வாயப் பொளந்தான். 'இதென்ன தாத்தா மாயம்?'ன்னான்.

இப்பத்தான் டீக்கு வர்றேன். இந்தா, உன்ற டம்ளரைப் பாரு. வெச்சு இவ்வளவு நேரமாச்சு, ஆறிப் போச்சு. முதல்ல செகப்பாக் கண்ணாடியா இருந்துச்சா? இப்ப மங்கிக் கலங்கியிருக்குதா? பால் ஊத்தினதா? இல்ல. நல்ல டீ ஆறினா இப்பிடிக் கலங்கும். டீ டேஸ்டருக இதை 'க்ரீம்' ஆகுதுன்னு சொல்லுவாங்க, டீயில சாரம் இருக்குதுன்னு அர்த்தம். குன்னூர் தேயிலை ஏலம் கம்ப்யூட்டருக்குப் போயி எத்தனையோ வருசம் ஆச்சு, டேஸ்டரு இன்னமும் கரண்டியில எடுத்து உறிஞ்சித் துப்பிட்டுத்தான் இருக்கறாரு. இந்த டம்ளரை அடுப்புல காட்டு, மறுபடியும் தெளியும். சூட்டுல கரைஞ்சு கெடக்கறது குளுந்தா பிரிஞ்சு வரும். எண்ணெயும் அப்பிடித்தான். வெய்யில்ல கொஞ்சம் தண்ணியக் கரைச்சு வயித்துக்குள்ள வெச்சுக்கும், ஆருக்குந் தெரியாது. ராத்திரி குளுந்ததும் தாங்காது, துளித் துளியாக் கக்கிரும். அந்தத் துளிய நீ மைக்ரான்ல அளந்தா ஜன்னலுக்கு வெளிய நிக்கற மஞ்சோட சைசுதான், பத்து, இருபது மைக்ரான். பெட்டி விடியக்காலம் எண்ணினது மஞ்சை கண்ணு. எண்ணெய்க்குள்ள மஞ்சு எறங்கியிருக்குது.

பெட்டிய என்னத்துக்குத் திட்டோணும்? பாவம், அது நேர்மையா சொல்லிட்டே இருந்துச்சு. காலையில தண்ணி, காலையில தண்ணின்னு. இவனுக்குத்தான் அந்தப் பாசை புரியல.

அப்ப தண்ணி எப்பிடி வந்துச்சு? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். மறுநாள் நானும் பையனும், அந்த வால்வ் ஹவுஸ்ல இருக்கற வாட்ச்மேனும் போனோம். வாசல்ல ஒரு டிரான்ஸ்பார்மரு. அதுக்குப் பக்கவாட்டுல ஒரு கண்ணாடிக் குடுவை தொங்குது, ப்ரீதரு. உள்ள சிலிக்கா ஜெல்லு, நீலக் கல்லு மாதிரி. எண்ணெய் சூடாகி விரியும், குளுந்து சுருங்கும், சுருங்கறப்ப வெளிக்காத்தை உறிஞ்சும். அந்தக் காத்துல இருக்கற ஈரத்தைக் கல்லு புடிச்சு வெச்சுக்கும். நீலம் போய் ரோஸ் ஆனா கல்லு நெறைஞ்சு போச்சுன்னு அர்த்தம், மாத்தோணும். இல்லீன்னா வாணலியில வறுத்து ஈரத்தை ஓட்டினா மறுபடியும் நீலம் ஆகும். இதை இங்க வேலை பாக்கற எந்த ஹெல்பரைக் கேட்டாலும் தூக்கத்துல சொல்லுவான். அந்தக் குடுவையில கல்லு பளபளன்னு நீலம். வாட்ச்மேனுக்குப் பெருமை. 'மாசத்துக்கு ஒருக்கா பாக்கறேனுங்க'ன்னாரு.

முப்பது அடி தள்ளி உள்ள பவர் பேக்கு. அதோட தொட்டி மேலயும் அதே மாதிரி ஒரு ப்ரீதர் இருக்கோணும். நான் ஏறிப் பாத்தேன். ப்ரீதரே இல்ல. ஆரோ எப்பவோ ஒடச்சிருக்கறாங்க. அந்த ஓட்டையில ஒரு காட்டன் வேஸ்ட் உருண்டைய சொருகி வெச்சிருக்குது. பிழிஞ்சா சொட்டுது. தொட்டிக்கு மேல பல்லி முட்டை மாதிரி துளித் துளியா தண்ணி கோத்திருக்குது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டின சீமை இது. தெனமும் கதவு வால்வைத் தூக்கி எறக்கறப்ப தொட்டியில எண்ணெய் ஏறும் எறங்கும். எறங்கும்போதெல்லாம் அந்த ஈரத் துணி வழியா மஞ்சை மொடக்கு மொடக்குனு குடிச்சிருக்குது. டிரான்ஸ்பார்மருன்னா பயம், வெடிக்கும். பவர் பேக்குன்னா ஆருக்குப் பயம்? அது மௌனமா சாகும்.

அடியில வடிகால் குழாயத் தொறந்தோம். முதல்ல ரண்டு டம்ளர் தண்ணி வந்துச்சு. சுத்தமான தண்ணி. அப்புறம் சேறு. அப்புறம்தான் எண்ணெய். பையன் ஒண்ணும் பேசல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சான், மறுபடியும் மாட்டினான்.

காட்டன் வேஸ்ட்னு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிக்க முடியல. 1975ன்னு நெனைக்கறேன், ஒரு ஓவர்ஹால். கவர்னர் எண்ணெய்த் தொட்டியக் கழுவி உள்ளே எறங்கித் தொடைக்கச் சொன்னாங்க. புதுக் கை, ஆர்வம். கண்ணாடி மாதிரி தொடைச்சேன், காட்டன் வேஸ்ட்ல. கண்ணுக்கு ஒரு பொட்டுத் தூசி இல்ல. மெசினை ஓட விட்டாங்க, பைலட் வால்வு சிக்கிருச்சு. கழட்டிப் பாத்தா ஒரு வெள்ளை நூலு, என்ற கைநகத்தோட பாதி நீளம். அந்தக் காலத்துப் போர்மேன் ஒண்ணுமே பேசல. அந்த நூலை எடுத்து என்ற சட்டைப் பையில போட்டார். அவ்வளவுதான். அதுலிருந்து எண்ணெய்க்குப் பக்கத்துல பனியன் துணி மட்டும்தான், அதுவும் நூலு உதிராத பழைய துணி. அந்த நூலை இப்பப் பெட்டிகிட்டக் காமிச்சா, அதையும் ஒரு நெழல்னு எண்ணியிருக்கும். ஒண்ணுன்னு எண்ணியிருக்கும். ஒண்ணே போதும் நாசமாப் போக.

வேலை என்ன? பெரிசா ஒண்ணுமில்ல. ஈரம் உறிஞ்சற ப்ரீதர் ஒண்ணு வாங்கி மாட்டினாங்க. பெட்டி வெலையில அது மூக்குப்பொடி காசு. எண்ணெய் சுத்தம் பண்ற மெசினைக் கொண்டாந்து ரண்டு நாள் சுத்த விட்டு, சூடு காட்டி, வேக்குவத்துல தண்ணிய எடுத்தாங்க. ஓஸை வெட்டி, பெட்டிய அழுத்தம் இருக்கற எடத்துக்குக் கொண்டாந்து மாட்டினாங்க. சிக்னலுக்குத் தனியா ஒரு வயர் இழுத்தாங்க. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாங்க, அட்டைய வாட்ச்மேன் எடுத்துட்டுப் போனார், அடுப்பெரிக்க.

வெளிய கெடந்த பேரலைப் பத்தியும் ஒரு வார்த்தை. புது எண்ணெய் வந்தா அது சுத்தம்னு நம்பறயா? பேரல்ல வர்ற புது எண்ணெய் பாதி நேரம் உன்ற 18/16/13க்கு வெளியதான் இருக்கும், வடிகட்டித்தான் ஊத்தோணும். அதுலயும் இவனுக பேரலை நிமித்தி மழையில விட்டிருந்தானுக. மேல் மூடியில குளம் கட்டி நிக்குது. பகல்ல பேரல் சூடாகி மூச்சு விடும், ராத்திரி குளுந்து மூச்சு வாங்கும். மூடி எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குளத்து தண்ணியக் குடிக்கும். படுக்கப் போடு, ரண்டு மூடியும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழ நிக்கற மாதிரி, கடிகாரத்துல மூணும் ஒம்பதும் இருக்கற எடத்துல. இதுக்கு இஞ்சினியரிங் வேணுமா? ஊறுகாய் சாடிக்கு என்ற பாட்டி இதைவிட ஒழுங்கா வேடு கட்டுவா.

ஒரு வாரம் கழிச்சு விடியக்காலம் ஆறு மணிக்குப் பையன் போன்ல நம்பரைக் காமிச்சான். 17/15/12. மத்தியானமும் அதே. ராத்திரியும் அதே. இருந்த சந்தோசத்துல எனக்கு டீ வாங்கிக் குடுத்தான், பால் டீ.

ரிப்போர்ட் எழுதினான். நாப்பத்தி ரண்டு பக்கம். கலர்ல கிராபு, மீன் முள்ளுப் படம், அஞ்சு ஏனுக்கு அஞ்சு பதிலு. ப்ரீதர் முப்பத்தேழாம் பக்கத்துல வருது. என்ற பேரு வரல, அது கெடக்கட்டும். சீசாவுக்கு 'விசுவல் இன்ஸ்பெக்சன் புரோட்டோகால்'னு பேரு வெச்சிருக்கறான். படிச்சுட்டு எனக்கு ரொம்ப நேரம் தூக்கமே வரல, சிரிச்சுட்டே கெடந்தேன்.

உன்ற பெட்டி என்ன சொல்லுதுன்னு இப்பச் சொல்லு. எந்நேரம் ஏறுது, எந்நேரம் எறங்குது? மூணு நம்பரும் ஒழுங்கா எறங்குதா, இல்லீன்னா தோள்ல கை போட்டு நிக்குதா? மொத்தமா பூஜ்யம் காட்டிச்சுன்னா அதுக்கும் சந்தோசப்படாத, எண்ணெய் ஓடாம நிக்குதான்னு பாரு, கண்ணாடியில பிசின் படிஞ்சிருக்குதான்னு பாரு. ரண்டு கம்பெனி எண்ணெயக் கலந்து ஊத்தினாங்களான்னு வாட்ச்மேன்கிட்டக் கேளு, போர்மேன்கிட்டக் கேக்காத. போர்மேன் இல்லீன்னுதான் சொல்லுவான், நானும் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன்.

சூடான தகரத்துல ஒரு சொட்டு விட்டு சடசடன்னு பொரியுதான்னும் பாக்கலாம். ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு, மூஞ்சிய மேல நீட்டாத, கண்ணாடியப் போட்டுக்க. பொரிஞ்சா தண்ணி இருக்குது. பொரியலீன்னா தண்ணியே இல்லீன்னு சத்தியம் பண்ணாத, கொஞ்சமா இருந்தா பொரியாது. பாட்டியோட தோசைக்கல்லத் தொடாத. நான் ஒருக்கா தொட்டேன், மூணு நாள் எனக்குச் சோறில்ல.

சீசாவா? வேணும்னா கடையில போய் வாங்கிக்க. என்ற ஊட்டுல இனிமே கெடையாது. அந்தப் பையன் எடுத்துட்டுப் போனான் ரண்டையும், திருப்பித் தர்றேன்னு சொல்லித்தான். இப்ப சென்னை ஆபீஸ்ல கண்ணாடி அலமாரியில 'சாம்பிள் 1', 'சாம்பிள் 2'ன்னு சீட்டு ஒட்டி வெச்சிருக்கறாங்களாம், வர்றவங்களுக்கெல்லாம் காட்டறாங்களாம். தேன்காரன் வந்தா எதுல வாங்கறதுன்னு ஊட்டுக்காரி தெனமும் என்னத்தான் கேக்கறா.

டீய அடுப்புல காட்டிக் குடி, ஆறிப் போச்சு.